சுவரில் கை வைத்து நிற்கிறவர்

மெதுவா என்கிற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு மாடிப்படியில். எனக்குக் கல்யாணமாகி இந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்குக் குடிவந்த நாள் அது. கீழே சாமான் லாரி நிற்கிறது. என் மாமியார் கொடுத்தனுப்பிய கண்ணாடி வைத்த அலமாரி, படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதற்கு அடியில் இரண்டு பேர் முகம் சிவந்து நிற்கிறார்கள். தெருவிலிருந்து லாரி டிரைவர் குரல் கொடுத்தார்.

"மெதுவாவைக் கூப்பிடுங்கடா. மெதுவா வராம அது நகராது."

ஜாக்கி, கடப்பாரை மாதிரி அது ஏதோ ஒரு சாமானாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், ஒல்லியாக ஓர் ஆள் டீ கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஓரமாக நின்றிருந்த என் தங்கையிடம், "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கிளாசை நீட்டினார். சுவரில் உள்ளங்கையைப் பதித்து வைத்தார். வளைவை நிமிர்ந்து பார்த்தார். அலமாரியின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கண்ணாடியைக் கழட்டிட்டா வழி விட்டுடும்" என்றார்.

அப்படியே ஆயிற்று. ஒவ்வொரு படிக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு முறை வந்தது, அதோடு சரி. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் மெதுவா சித்தப்பா, மெதுவா மாமா. பக்கத்துத் தெரு பால்காரருக்குக்கூட மெதுவா சார்.

அலமாரி வீட்டுக்குள் வந்து சேரும்வரை என் தங்கை அந்த டீயைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரேன்னு சொன்னேன் அக்கா, அவ்வளவுதான் நான் பேசினது" என்று பிற்பாடு சொன்னாள். அந்த அவ்வளவுதானில் அவர்களுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு மகள் பிறந்தாள், இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வீடும் அமைந்தது. லிப்ட் கிடையாது. மற்றவர்கள் வீட்டையெல்லாம் மாடி மாற்றுகிறவருக்கு லிப்ட் எதற்கு என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வீடு மாற்றுகிற வேலை என்றால் தூக்குகிற வேலை என்று நினைக்கிறோம். அவரைக் கேட்டால் பார்க்கிற வேலை என்பார். சாமான் தூக்கத் தோளில் குறுக்காகப் போடும் அகலமான வாரைக் கழுத்தில் துண்டு மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, முதலில் வெறுங்கையோடு மாடி ஏறுவார். ஒவ்வொரு வளைவிலும் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலே பார்ப்பார். இறங்கி வந்துதான் முதல் சாமானைத் தொடுவார். வேலையை விட்ட பிறகும் இளசுகள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், தூக்குவதற்கு அல்ல, வழி பார்க்க. வீட்டிலும் அதே பழக்கம். கடைக்குப் போய்விட்டு ஏறி வந்தால், என் வீட்டு வாசலில் நின்று சுவரில் கை வைத்து வளைவைப் பார்ப்பார். "என்ன, சுவர் நகர்ந்துபோச்சா?" என்பேன். "லேசா நகர்ந்த மாதிரி இருக்குக்கா" என்பார். பிறகு இரண்டு வார்த்தை பேசுவார். வயதாக ஆக அந்தப் பேச்சு நீண்டது. என்னிடம் பேசவே நிற்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்கு எழுபத்தொன்பது வயது ஆனபோது சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். நிறைந்துவிட்டது என்பார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். மலம் கறுப்பாகப் போவதை என் தங்கையிடம் சொல்லவே இல்லை. அவளே கண்டுபிடித்து, திட்டித் தீர்த்து, மகளை வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், விவரமானவள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரைப்பையில் புற்றுநோய் என்று வந்தது.

அறுவை செய்கிற டாக்டரைப் பார்க்க நாலு பேரும் போனோம். நான் இல்லாமல் என் தங்கை பல் பிடுங்கக்கூடப் போகமாட்டாள். டாக்டர் நல்ல உயரம், நாற்காலியில் மடங்கித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தாளில் இரைப்பையைப் படமாகப் போட்டு, கீழ்ப்பக்கத்தைப் பேனாவால் கறுப்பாக்கினார்.

"கட்டி இங்க இருக்கு. வேற எங்கயும் பரவின மாதிரி ஸ்கேன்ல தெரியல. கீழ்ப்பாகத்தை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் குடலோட இணைக்கணும். முழுசா குணமாகணும்னா அறுவைதான் வழி."

"அப்ப வெட்டிடுங்க" என்றார் மெதுவா, கதவைக் கழற்றச் சொல்கிற மாதிரி.

"அவசரப்படாதீங்க ஐயா. உங்க வயசுக்காரங்களுக்கு நான் பயப்படுறது வெட்டுற நேரத்துக்கு இல்ல. அதுக்கு அப்புறம் வர்ற நாட்களுக்கு. படுத்தே கிடந்தா நுரையீரல்ல சளி கட்டும். இணைச்ச இடம் ஆறாம கசியலாம். இதயம் திணறலாம். சில பேருக்கு மயக்கம் தெளிஞ்சும் புத்தி தெளியக் கொஞ்ச நாள் ஆகும். எல்லாம் நல்லா முடிஞ்சாலும் பழைய தெம்பு முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

"வயசானா வெட்டவே கூடாதா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"வயசை மட்டும் வச்சு முடிவு பண்றதில்லம்மா. எண்பத்தஞ்சு வயசுல எழுந்து நடந்து போனவங்களும் இருக்காங்க. உடம்புல எவ்வளவு இருப்பு இருக்குன்னு பாக்கணும். இதயமும் நுரையீரலும் தாங்காதுன்னு தெரிஞ்சா நான் வெட்ட மாட்டேன். வேற மாதிரிதான் பாத்துக்கணும். வலி தெரியாம, கொஞ்சம் சாப்பாடு இறங்குற மாதிரி. ஆனா அது குணமாக்குறது இல்ல."

மெதுவா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய வீட்டைக் காலி பண்ணிட்டு ஒத்தை அறைக்குப் போற மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமா ஐயா. சாமானைக் குறைச்சுக்கணும்."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சித்தப்பா ஒருவர், அம்மாவின் தங்கை புருஷன், அந்தக் காலத்தில் வயிற்று ஆபரேஷனுக்கு உள்ளே போனார். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. நாலாம் நாள் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். சித்தி அதற்குப் பிறகு இருந்த காலமெல்லாம் "ஆபரேஷன் நல்லா நடந்தது" என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் என் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் தலையிலும் சித்தப்பாதான்.

அடுத்த அறையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா. சின்ன வயது, பொறுமையாகக் கேட்டாள். சிகரெட் பிடிப்பீர்களா என்றாள், விட்டு ரொம்ப நாளாச்சு என்றார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாம் என்றாள்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா ஐயா?"

"மூணாவது மாடியில குடியிருக்கேன்மா. தினம் ரெண்டு தடவை ஏறி இறங்குறேன்."

டாக்டரம்மா என் தங்கையைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா. மூச்சு வாங்குதா?"

"ஒரு நாளும் வாங்கினதில்லை" என்றாள் தங்கை. தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னாள்.

"அப்பா இரும்பு டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து அவரைப் பார்க்க லாரி டிரைவர் வந்தார். அன்று என் அலமாரிக்குக் குரல் கொடுத்தவர்தான். லாரியை விற்று வெகு காலமாகிறது, பெயர் மட்டும் டிரைவர். மீசைக்கு மை போடுவார், தலையை மறந்துவிடுவார். இரண்டு பேரும் கீழே டீக்கடைக்குப் போய்விட்டு ஏறி வந்தார்கள். என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் தங்கை என்னோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

மெதுவா வழக்கம்போல என் வாசலில் நின்று சுவரில் கை வைத்து மேலே பார்த்தார். பின்னால் வந்த டிரைவர் சட்டென்று நின்றார். அவருடைய இரண்டு கைகளும் தானாக இடுப்புக்குக் கீழே இறங்கின, எதையோ தரையில் வைக்கிற மாதிரி. கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டிரைவர் சிரிக்கவில்லை. குனிந்து தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாவின் முதுகைப் பார்த்தார்.

மெதுவா கையை எடுத்தார். "வாடா."

"நீ போ. முட்டி வலிக்குது. அக்காகிட்ட தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று டிரைவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார்.

"தங்கச்சி, இவன் மாடி ஏறும்போது எப்பவும் இப்படித்தான் நிக்கிறானா?"

"அவருக்கு அது பழக்கம்ணே. சுவத்தைக் கண்டா கை வைக்காம இருக்க மாட்டாரு. வழி பாக்குறாராம்."

"எந்த வழி? நாப்பது வருஷமா ஏறுற படி. தூக்கவும் ஒண்ணும் இல்ல."

தங்கை பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஆளுங்க ஒருத்தனும் முடியலைன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டான்" என்றார் டிரைவர். "சாமான்காரங்க காதுல விழுந்தா அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அதனால, மூச்சு முட்டுறவன் சுவத்துல கை வச்சு மேல பாப்பான். அளக்குற மாதிரி இருக்கும். நாங்க ஒண்ணும் கேக்காம சாமானை இறக்கிடுவோம். அவன் கையை எடுத்தாத்தான் மறுபடி தூக்குவோம். இப்ப அவன் கை வச்சான், என் கை தானா இறங்கிடுச்சு. அவனுக்கு மூச்சு முட்டுது தங்கச்சி."

"வேலையில அளக்கத்தானே கை வைப்பாரு?"

"அளக்கவும் வைப்பான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதுனாலதானே அதை அடையாளமா வச்சிருந்தோம்."

என் தங்கை விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இங்க ஒரு தடவை நிக்கிறாரு. ரெண்டாவது மாடியில நிக்கிறாரு. எங்க வீட்டு வாசல்ல சாவியைத் தேடுறேன்னு நிக்கிறாரு. சாவி சட்டைப் பையிலதான் இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நான் டாக்டரம்மாகிட்ட மூச்சு வாங்காதுன்னு சொல்லிட்டேனேக்கா."

அவள் படியேறிப் போனதை நான் பார்த்தேன். எழுபத்தைந்து வயதில் அப்படி ஏறக்கூடாது. நானும் டிரைவரும் எங்கள் முட்டிகளைச் சமாதானப்படுத்திக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது பேச்சு ஆரம்பமாகியிருந்தது.

"டிரைவர் சொல்லிட்டானா?" என்றார் மெதுவா. கோபம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? நெஞ்சு தாங்காதுன்னா வெட்ட மாட்டேன்னு அந்த உயரக்காரர் சொன்னாரே. நீயும்தானே கேட்ட."

"கேட்டேன். வெட்டினதுக்கு அப்புறம் சளி கட்டும்னு சொன்னதையும் கேட்டேன். உங்க காதுல பாதிதான் விழுந்துச்சா?"

"வெட்டினா ஒரு வழி இருக்கு. வெட்டலைன்னா ஒரு வழியும் இல்ல. ஒரு வாய் இறங்காம, நாளுக்கு நாள் கரைஞ்சு, அதை நீ பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு, மேசையிலயே போயிட்டாலும் பரவாயில்ல."

"என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியும்" என்றாள் என் தங்கை. "இல்லாத ஆளைத்தான் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கைக்கு அப்போதுதான் கோபம் ஏறியது. "ஊரார் அலமாரிக்கு அரை மணி நேரம் நின்னு வழி பாப்பீங்க. உங்க உடம்புன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிடலாமா? நான் பொய் சொன்னதா ஆயிடுச்சு அந்தப் பொண்ணுகிட்ட. நாளைக்கு வர்றீங்க, நீங்களே சொல்றீங்க."

"சொல்லி, வெட்ட மாட்டேன்னுட்டா?"

"அப்ப என்ன பண்றதுன்னு அப்ப பாப்போம்."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது அவர் பக்கம் பேசுவேன் என்று. "எங்க சித்தப்பாவுக்கு நாலாம் நாள்" என்று ஆரம்பித்தேன். "சரிக்கா, வரேன், சித்தப்பாவை விடுங்க" என்றார்.

மறுநாள் மகள் போன் செய்து நேரம் வாங்கியிருந்தாள். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தும் அவருக்கு வாய் வரவில்லை. எதையோ தேடுகிற மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இந்தக் கட்டடத்துல மாடிப்படி எங்க இருக்கும்மா? நீங்க கூட வந்தா காட்டிடுறேன்" என்றார்.

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. அவர் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினாள், கூடவே ஏறினாள். நாங்கள் கீழேயே நின்றோம். முதல் வளைவில் அவர் கை சுவருக்குப் போயிற்று. மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், கீழே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"மூச்சு வாங்குதும்மா. இதுக்கு மேல முடியல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. என் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கிளிப்பில் தெரிந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அவரை அந்தப் படியிலேயே உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நல்ல வேளை சொன்னீங்க" என்றாள். "நானும் உங்களை ஏறச் சொல்லிப் பாத்திருக்கணும்."

குழாயில் ஊதச் சொன்னார்கள். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் பழைய புகையால் பாதி சோர்ந்திருந்தது. இதயம் பரவாயில்லை. ரத்தம் நினைத்ததைவிடக் குறைவு. எடை குறைந்த வேகமும் நல்லதில்லை. குறித்த நாளை அடித்துவிட்டார்கள்.

உயரமான டாக்டர் மறைக்காமல் பேசினார். "இப்படியே மேசையில ஏத்தியிருந்தா, அப்புறம் மூச்சுக்கு வச்ச குழாயை எடுக்க முடியாமலே போயிருக்கலாம். வேண்டாம்னு சொல்லல. சில வாரம் தள்ளுவோம். ரத்தம் ஏத்தணும், எடை கொஞ்சம் கூடணும், மூச்சுப் பயிற்சி செய்யணும், நடக்கணும். ஆனா தள்ளிப் போடுறதுலயும் ஆபத்து இருக்கு. அதுக்குள்ள கட்டி வளந்து வழியை அடைக்கலாம். ரெண்டையும் யோசிச்சு நீங்கதான் சொல்லணும்."

"உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மெதுவா கேட்டார்.

டாக்டர் யோசித்துத்தான் சொன்னார். "முதல்ல மூச்சைச் சரிபண்ணச் சொல்வேன். சரியாகலைன்னா வெட்ட விட மாட்டேன்."

"அப்ப அப்படியே பண்ணுங்க" என்றார் மெதுவா. என் தங்கையைத் திரும்பிப் பார்த்து, "நீயும் அப்படித்தானே?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்த வாரங்களைப் போல நாங்கள் சிரித்த வாரங்கள் கிடையாது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பயந்தவர்களுக்கு அப்படி வருமோ என்னவோ. மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே போகிற பிளாஸ்டிக் பொருள் ஒன்று கொடுத்தார்கள். அவர் இழுத்தால் ஒரு பந்து எழும்பும், இரண்டாவது துள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். டிரைவர் தனக்கென்று ஒன்று வாங்கி வந்து போட்டிக்கு இழுத்தார். அவருக்கு ஒன்றுகூட எழும்பவில்லை.

"உன்னையும் சேர்த்துப் படுக்க வச்சிருக்கணும்" என்றார் மெதுவா.

"மீசை தடுக்குதுடா" என்றார் டிரைவர்.

டப்பாவில் வரும் சத்து மாவைப் பாலில் கலக்கிக் கொடுத்தால், வெள்ளை அடிக்கிற சுண்ணாம்பு என்பார். என் தங்கை கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பாள், காலியாகும்வரை நகரமாட்டாள். முட்டை, கஞ்சி, தயிர் என்று எதையாவது கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுப்பாள். காலையில் டிரைவர் வந்து சமதரையில் நடக்கக் கூட்டிப்போவார். மூச்சு வாங்கினால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சுவரைத் தொடக்கூடாது என்பது டிரைவர் போட்ட சட்டம். முதல் நாட்களில் அவர் தெருவில் சுவர் தேடுவாராம். விளக்குக் கம்பத்தைப் பிடிப்பாராம். "கம்பமும் சுவருதான், கையை எடு, சொல்லு" என்பாராம் டிரைவர். "கொஞ்சம் நிக்கலாம்டா" என்று ஒரு நாள் வாயில் வந்துவிட்டது. அதை மாடி ஏறி வந்து எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் டிரைவர் போனார்.

மறுபடி பரிசோதனைக்குப் போனபோது அதே ஆஸ்பத்திரிப் படியில் டாக்டரம்மாவோடு ஏறினார். முதல் வளைவைத் தாண்டி, இரண்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, "இங்க வாங்குதும்மா" என்றார், ஏதோ வீட்டு எண்ணைச் சொல்கிற மாதிரி. உயரமான டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், கட்டி அதிகம் வளரவில்லை. "வெட்டலாம். ஆபத்து போயிடுச்சுன்னு சொல்லல, குறைஞ்சிருக்கு" என்றார்.

ஆபரேஷன் அன்று நானும் தங்கையும் அவள் மகளும் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சக்கரக் கட்டிலில் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அந்த ஆட்கள் கதவில் லேசாக இடித்துவிட்டார்கள். "வலது பக்கம் ஒரு சாண் விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். மத்தியானம் தாண்டி டாக்டர் வந்தார். கட்டியை அதைச் சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளோடு எடுத்தாயிற்று, மூச்சு தானாக விடுகிறார், ஆனால் இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார். என் தங்கை நன்றி சொல்ல மறந்து, "இனிமே எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

சளி கட்டத்தான் செய்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து மூக்கில் காற்றுக்குழாய் மாட்டினார்கள். நாலாம் நாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மார்புப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து முதுகைத் தட்டித் தட்டி இரும வைத்தாள். வெட்டின இடத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு அவர் இருமுகிற சத்தம் வராந்தாவுக்குக் கேட்கும். அவருக்கு இருமத் தெம்பு இருந்தது. டாக்டரம்மா சொன்னாள், அந்தத் தெம்பு முதலில் இருந்த நிலையில் வந்திருக்காது என்று.

காய்ச்சல் இறங்கியபோது புத்தி கொஞ்சம் இடம் மாறியிருந்தது. நர்சைப் பார்த்து, இந்தக் கட்டில் இப்படியே கதவில் நுழையாது, காலைக் கழற்று என்றார். மூக்குக் குழாயை வார் என்று நினைத்து அவிழ்க்கப் போனார். என் தங்கையிடம் ரொம்ப மரியாதையாக, "நீங்க எந்த வீட்டுக்காரங்க?" என்று கேட்டார்.

அவள் கலங்கவில்லை. "மூணாவது மாடிங்க."

"பியானோ இருக்கா?"

"இல்லைங்க. ஒரு புருஷன்தான். கொஞ்சம் கனம்."

"பாத்துக்கலாம்" என்றார்.

வயதானவர்களுக்கு இது வரும், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றாள் நர்ஸ். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், பழக்கமான குரல் பக்கத்தில் இருக்கட்டும், என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்றாள். கிழமை எனக்கே நினைவில் நிற்காது. எனக்குத் தெரிந்தது சொந்தம்தான். சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். என் மாமியாருக்குக் கூடப்பிறந்தவர்கள் யார் யார், அதில் மூத்தவர் எந்த வீட்டில் பெண் எடுத்தார், அந்தப் பெண்ணின் தம்பி எங்கே கடை வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவேன். எங்கள் சித்தப்பாவிடம் வந்தபோது, அவருடைய மூன்றாவது மகளைத்தான் பக்கத்துத் தெருத் தையல்காரர் வீட்டில் கொடுத்தது என்றேன்.

"ரெண்டாவது மக" என்றார் மெதுவா, கண்ணைத் திறக்காமல்.

"மூணாவது."

"ரெண்டாவது மகதான்க்கா. மூணாவதைத்தான் வெளியூர்ல கொடுத்தாங்க. அவ வீட்டுச் சாமானை நான்தானே ஏத்தினேன்." கண்ணைத் திறந்து என் பின்னால் நின்ற என் தங்கையைப் பார்த்தார். "நீ ஏன் நிக்கிற? உக்காரேன்."

அவள் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். யோசித்துப் பார்த்தேன், இரண்டாவது மகள்தான்.

அதற்குப் பிறகும் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் என் வீட்டிலேயே வைத்திருந்தோம், மூன்றாவது மாடிக்கு அவரால் ஏற முடியவில்லை. ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சி வேகமாகக் குடித்துவிட்டால் வியர்த்து, படபடத்து, படுத்துவிடுவார். கொஞ்சமாக, மென்று, நாளுக்கு ஆறேழு தடவை சாப்பிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. போன எடை முழுக்கத் திரும்பவில்லை. டாக்டர் முதலிலேயே சொன்ன மாதிரி பழைய தெம்பும் வரவில்லை. இரண்டு மாடிக்கு மேல் இனி ஏறுவதற்கில்லை என்று தெளிவானதும், மகள் அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தாள். அவரிடம் வேலை கற்ற இளசுகள் வந்து மூன்றாவது மாடியைக் காலி செய்தார்கள். அவரைத் தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். எழுந்திருக்கக்கூடாது என்பது என் தங்கையின் கட்டளை. எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்கேனில் இதுவரை ஒன்றும் இல்லை, தொடர்ந்து வரவேண்டும் என்கிறார்கள், போகிறார். வயது எண்பத்திரண்டு நடக்கிறது. என் தங்கையோடு அடுத்த தெருவில், வாசலில் ஒரே ஒரு படி வைத்த வீட்டில் இருக்கிறார்.